தோற்றால் அடுத்த நவம்பர்தான்

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன், அவனுடைய கல்லூரிக் கூடைப்பந்து அணி மார்ச் போட்டியில் தோற்றதிலிருந்து போனில் சரியாகவே பேசுவதில்லை. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவு துக்கமா?

பதில்: இருக்கும் அம்மா. அங்கே ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான், அடுத்த சீசன் நவம்பரில்தான், அதற்குள் கடைசி வருடப் பையன்கள் படிப்பை முடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அதாவது அவன் ரசித்த அந்த அணியே இனி கிடையாது. வலிக்காதா?

வர்ஜீனியா பல்கலைக்கழக அணியின் ரசிகர்கள் 2018இல் பட்ட பாட்டைக் கேளுங்கள். ஆண்கள் போட்டியில் முதல் தரவரிசை அணி, பதினாறாம் தரவரிசை அணியிடம் அதுவரை 135 ஆட்டங்களில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. இடைவேளையில் 21-21 என்று சமமாக நின்ற முதல் தரவரிசை வர்ஜீனியா, பதினாறாம் தரவரிசையில் இருந்த யுஎம்பிசி என்ற பல்கலைக்கழக அணியிடம் 54-74 என்று கவிழ்ந்தது. இருபது புள்ளி! மறுவருடம் அரையிறுதியில், 0.6 நொடி மிச்சம், இரண்டு புள்ளி பின்தங்கிய நிலை. வர்ஜீனியா வீரர் கைல் கை (Kyle Guy) மூன்று ஃப்ரீ த்ரோவையும் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு, ஒன்றுக்கு ஒரு புள்ளி) உள்ளே போட்டார். அப்புறம் கோப்பையும் வாங்கினார்கள்.

ஆனால் இந்தக் கதையை இன்றைக்கே அவனிடம் சொல்லிவிடாதீர்கள், எரிச்சல்தான் வரும். ஒரு வாரம் போகட்டும். இப்போதைக்கு "சாப்பிட்டியா" மட்டும் போதும், ஸ்கோரைக் கேட்காதீர்கள்.