கோடியக்கரைக்குப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

திருத்துறைப்பூண்டியில் முப்பது ஆண்டு தாவரவியல் நடத்தினேன். அத்தனை ஆண்டிலும் ஒரு ஸ்கூட்டர்கூட வாங்கவில்லை. கோடியக்கரைக் காட்டுக்கு எத்தனை முறை போனேனோ அத்தனை முறையும் பஸ்தான். கேள்விகள் என்னிடம் வந்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து கார் இல்லாமல் ஒரே நாளில் போய் நடந்துவிட்டுத் திரும்ப முடியுமா, ஐயா?

முடியும். ஆனால் விடிவதற்கு முன்பே பஸ் ஏறிவிட வேண்டும். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம்; அங்கிருந்து சுமார் 10 கி.மீ. டவுன் பஸ். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளிக்கு 37 கி.மீ. ரயில் பாதையும் இருக்கிறது. அகலப் பாதையாக மாறி 2023 ஏப்ரலில் மறுபடி ஓடத் தொடங்கியது. ரயில் நேரம் உங்கள் நடைக்கு ஒத்துவந்தால் ஏறுங்கள், இல்லாவிட்டால் பஸ்ஸே மேல்.

வேதாரண்யம் தாண்டியதும் ஜன்னலோரம் உட்காருங்கள். உப்பளங்கள் வரும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பள்ளியது இந்த மண்ணில்தான். பிறகு கோடியக்காடு, அதன் பிறகு சாலையின் இருபுறமும் காடு. வனத்துறை நுழைவுச் சீட்டு வாங்காமல் உள்ளே கால் வைக்க வேண்டாம்.

இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒருமுறை ஒரு கொடியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்ததில் கடைசி பஸ்ஸை விட்டேன். வேதாரண்யம் வரை இருட்டில் நடந்தேன். சாலையோரப் புதரில் ஏதோ பெருமூச்சு விட்டது. குதிரை என்று தெரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மலையேற்றக் காலணி வேண்டுமா? எவ்வளவு உயரம் ஏற வேண்டும்?

தம்பி, இது டெல்டா. இங்கே மிக உயர்ந்த இடம் ராமர் பாதம் இருக்கும் மணல்மேடு. சுமார் நான்கு மீட்டர். அதில் ஏறி நின்று சிகரம் தொட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ரப்பர் செருப்போடு வராதீர்கள். சீமைக்கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும்.

பூநாரை எப்போது வரும்?

பருவமழையை ஒட்டி வரத் தொடங்கி, கோடை ஏறும்போது கிளம்பிவிடும். நிறையப் பார்க்க வேண்டுமானால் தை, மாசி. மழை வெள்ளம் வடிந்து சதுப்பில் நீர் அதன் காலளவுக்கு இறங்க வேண்டும். அலகைத் தலைகீழாக நீரில் விட்டு வடிகட்டித் தின்னும் பறவை அது. ஆழமான நீரில் அதற்கு வேலை இல்லை. கூட்டைத் தேடி அலையாதீர்கள். இங்கே அது குஞ்சு பொரிப்பதில்லை, அதற்குக் கட்ச் பக்கம் போகிறது.

கிட்டே போய்ப் படம் எடுக்கலாம் என்று சதுப்பில் இறங்காதீர்கள். மேலே காய்ந்து வெடித்திருக்கும், அடியில் முழங்கால் வரை சேறு.

அம்மாவுக்கு மூட்டுவலி. அவரையும் அழைத்து வரலாமா?

வடுவூர் ஏரிக்கு அழைத்துப் போங்கள். தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையிலேயே இருக்கிறது. நிழலில் உட்கார்ந்தபடியே பறவை பார்க்கலாம்.

டிசம்பர் விடுமுறையில் வருகிறோம். பூநாரை இருக்குமா?

மேலே பார்க்கவும். நீர் வடிந்திருந்தால் இருக்கும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் நடந்து பார்த்துவிடலாமா?

அது படகில் போகும் இடம்.

கோடியக்கரையில் இருப்பது கலைமானா, வெளிமானா?

ஊரில் வெளிமான் என்பார்கள். சங்கப் பாட்டில் இரலை. முறுக்கிய கொம்பை வைத்துத் திரிமருப்பு இரலை. கலை என்பது ஆண்மானுக்குப் பொதுப்பெயர்.

அந்த மானுக்குப் புல் கிடைக்காமல் செய்வது மட்டக்குதிரைகள்தானே? வனத்துறை ஏன் அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தவில்லை? (மன்னார்குடி வாசகர்)

மன்னார்குடிக்காரருக்கு: குதிரைகள் பல தலைமுறையாக அங்கே இருக்கின்றன. அவற்றை விரட்டச் சொல்ல நீங்கள் யார்? (வேதாரண்யம் வாசகி)

இருவரும் மாறி மாறி எழுதி, நடுவில் இன்னும் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள். என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா சொல்வது பாதி உண்மை. பல தலைமுறை என்பது சரி. ஆனால் அவை காட்டு விலங்கு அல்ல. மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்தவை. மன்னார்குடிக்காரர் சொல்வதும் பாதிதான். குதிரை புல்லைத் தின்கிறது, குட்டையில் நீரைக் குடிக்கிறது, போட்டி இருக்கிறது. ஆனால் பெரிய கேடு அதன் வாயால் வருவதைவிட வாலுக்குக் கீழே வருகிறது! சீமைக்கருவேலங்காய் இனிப்பாக இருக்கும், குதிரை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் லத்தியோடு புல்வெளி நடுவில் விழுந்து முளைக்கும். வெளிமான் கண்ணையும் ஓட்டத்தையும் நம்பிப் பிழைக்கும் பிராணி. பெயரிலேயே வெளி இருக்கிறது. புல்வெளியில் புதர் மண்டினால் நரி வருவது அதற்குத் தெரியாது.

ஆகவே நான் அரிவாளை எடுத்தால் முதலில் சீமைக்கருவேலத்தைத்தான் வெட்டுவேன். வேரோடு பிடுங்க வேண்டும். மேலே வெட்டினால் நான்கு கிளையாகத் துளிர்க்கும். குதிரையை மட்டும் அப்புறப்படுத்திவிட்டு மரத்தை விட்டுவைத்தால் மாடும் புள்ளிமானும் அதே வேலையைச் செய்யும்.

அப்படியானால் குதிரை குற்றவாளி இல்லை என்று ஒப்புக்கொள்கிறீர்கள்! (வேதாரண்யம் வாசகி)

இல்லை அம்மா. உடந்தை.

கஜா புயலில் இயற்கையே கணக்குத் தீர்த்துவிட்டது. (மன்னார்குடி வாசகர்)

2018 நவம்பர் 16 கழிந்து சாலை திறந்ததும் நான் போனேன். குதிரையும் மானும் சேர்ந்தேதான் செத்துக் கிடந்தன. அதைக் கணக்குத் தீர்ந்தது என்று எழுதாதீர்கள். குதிரைக் கேள்வி இத்துடன் போதும்.

சோழர் காலக் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க முடியுமா?

2004 சுனாமியில் போய்விட்டது.

காட்டில் தாவரம் எதைக் கவனிக்க வேண்டும்?

இப்படி ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். நன்றாக இருங்கள்! இது உலர் பசுமைமாறாக் காடு. மழை பெய்வது ஆண்டில் சில மாதம்தான், ஆனாலும் இலை உதிர்ந்து மொட்டையாக நிற்காது. இலையைத் தொட்டுப் பாருங்கள், தோல் போல் தடித்திருக்கும். நீரைச் சேமிக்க அதுதான் வழி. பாலை மரம் ஒன்றைத் தேர்ந்து அதன் அடியில் கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். கடல் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மரத்தின் சாய்வே சொல்லும். கோடையில் மஞ்சளாகப் பழுக்கும். வேதாரண்யத்தில் பாலைப்பழம் விற்பார்கள், வாங்கித் தின்னலாம். தின்ற பிறகு உதடு ஒட்டிக்கொள்ளும். உகா மரத்தையும் பாருங்கள், அதன் குச்சியில் பல் துலக்குவார்கள். காட்டுக்குள் எதையும் ஒடிக்கக் கூடாது என்பதால் துலக்கிப் பார்க்கும் ஆசையை அங்கே வேண்டாம்.

நடந்து முடித்ததும் கணுக்காலில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கூடாரம் அடித்து இரவு தங்கலாமா?

கூடாது.

ஆடி அமாவாசைக்குப் போனால் கூடுதல் பஸ் விடுவார்களே, அன்று வரலாமா?

கடலில் முழுக்குப் போட வாருங்கள். மான் பார்க்க அன்று வராதீர்கள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் எந்த மான் நிற்கும்?

எந்த மாதம் வந்தால் பூநாரை பார்க்கலாம்?

ஐயா, மூன்றாவது முறை. தை, மாசி. கண்டக்டரிடம் கடைசி பஸ்ஸைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

கண்டக்டரிடம்!