எக்கோ நார்மல் என்றால் அடைப்பே இல்லையா?

கேள்வி: என் கணவருக்கு வயது 54, சர்க்கரை உண்டு. மாடிப்படி ஏறினால் நெஞ்சை அழுத்துகிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. இ.சி.ஜி., எக்கோ இரண்டும் நார்மல். ஆனாலும் சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொல்கிறார் டாக்டர். அவசியமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அவசியம்தான். நடந்தால் வந்து, நின்றால் போகும் அழுத்தத்தை லேசாக விடக்கூடாது. எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதில் தெரிவது இதயத்தசையின் அசைவும் வால்வுகளும். ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அடைப்பு அதில் தெரியாது. குழாய் 70 சதவீதம் அடைத்திருந்தாலும், படுத்திருப்பவரின் இதயத்துக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் போய்விடும். தசை ஒழுங்காகச் சுருங்கும், ரிப்போர்ட்டும் நார்மல் என்றே வரும். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி.க்கும் இதே கதைதான்.

சி.டி.யில் குழாயையே பார்க்கலாம். நாடித்துடிப்பு 60–65க்குள் இருந்தால் படம் தெளிவாக விழும். வேகமாகத் துடித்தால் குழாய் மங்கலாகவோ, துண்டு துண்டாகவோ வரும். அதற்காகத்தான் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால் மாத்திரையை முன்கூட்டியே தருகிறார்கள். ஆஸ்துமா இருந்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். அன்று காபி, டீ வேண்டாம். குழாய் விரிய நாக்கடியில் நைட்ரோகிளிசரின் வைப்பார்கள். வயாக்ரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தால், இதோடு சேர்ந்து பிரஷர் ஆபத்தாக இறங்கிவிடும். ஆண்கள் வாய் திறக்கக் கூச்சப்படுவது இதில்தான், நீங்களே கேட்டுவிடுங்கள். குழாயைப் படத்தில் காட்ட ஊசி வழியே ஏற்றும் மருந்தான ‘டை’ ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டதுபோல் தோன்றும். சில நொடிகள்தான். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முன்பே பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள்.

இதிலும் ஒரு குறை உண்டு. கால்சியம் படிந்த இடம் சி.டி.யில் உள்ளதைவிடப் பருமனாகத் தெரிவதால், அடைப்பு கூடுதலாகக் கணக்காகும். அதனால் சிலருக்கு கை அல்லது தொடை வழியே மெல்லிய குழாய் விட்டுப் பார்க்கும் வழக்கமான ஆஞ்சியோவும் தேவைப்படும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்து, விட்டுப்போகாமல் நீடித்தால் சி.டி. தேதிக்குக் காத்திருக்காதீர்கள், நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவின் இ.எஃப். போன மாதம் 48, இப்போது வேறு லேபில் 44. இதயம் மோசமாகிறதா?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இதயத்தின் இடது கீழறை தன்னில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதே இ.எஃப். எக்கோவில், இடது கீழறை நிரம்பியபோதும் சுருங்கியபோதும் அதன் உள்விளிம்பைத் திரையில் கோடு போட்டுக் கணக்கிடுகிறார்கள். கோடு கொஞ்சம் நகர்ந்தாலே ஐந்து புள்ளி மாறும். சில இடங்களில் கண்மதிப்பாகவே எழுதிவிடுவதும் உண்டு. அடுத்த முறை பழைய லேபிலேயே எடுங்கள். அதைவிட முக்கியம், காலையில் சிறுநீர் கழித்தபின் தினமும் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ எக்கோவுக்குக் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.