நாலு கட்டத்துக்குள் ராட்சத ரோபோ

கேள்வி: ராட்சத ரோபோக்கள் மோதும் ஜப்பானிய அனிமே (அசைபட) தொடரான 'மொபைல் சூட் கண்டம்', அதைக் கேலி செய்யும் 'கண்டம்-சான்' மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) படிக்க ஆசை. மூலத் தொடரைப் பார்க்காமல் நேரே இறங்கலாமா?

பதில்: இறங்கலாம், பாதி ஜோக் தலைக்கு மேலே போகும். ஹிதேகி ஓவாடா வரைந்த இந்த நாலு கட்ட மங்கா, 1979-இல் வந்த முதல் தொடரை வாசகர் கரைத்துக் குடித்திருப்பார் என்று நம்பி எழுதப்பட்டது. அந்தத் தொடர் மொத்தம் 43 அத்தியாயங்கள். நேரமில்லை என்றால், அதைச் சுருக்கி 1981, 82-இல் வெளியான மூன்று திரைப்படங்கள் போதும். எதிரிப் படைத் தளபதி கார்மாவின் இறுதிச் சடங்கில் அவர் அண்ணன் கிரென் முழங்கும் உரை, மூன்றாம் படத்தில் எதிரிப் படை வீரர் ஷாரும் லாலா என்ற பெண்ணும் பேசும் பேச்சு, இரண்டையும் மட்டும் தூங்காமல் பாருங்கள்.

கேள்வி: நாயகன் அமூரோவை விட்டுவிட்டு எல்லோரும் ஷாரையே ஏன் வாருகிறார்கள்?

பதில்: மிடுக்கு அவரிடம்தானே கொட்டிக் கிடக்கிறது! முகமூடி, மறைத்த பெயர், பழிவாங்கும் சபதம், போதாததற்கு அவர் ஓட்டும் சிவப்பு ரோபோ இயந்திரம். அமூரோ மூலத்திலேயே "அப்பாகூட என்னை அடித்ததில்லை" என்று புலம்பும் பையன். அவனை இன்னும் எங்கே இறக்குவது?

கேள்வி: நானும் இப்படி நாலு கட்டம் வரைகிறேன். நண்பர்கள் யாரும் சிரிப்பதில்லை. எங்கே தப்பு?

பதில்: அனேகமாக மூன்றாம் கட்டத்தில். தொடக்கம், வளர்ச்சி, திருப்பம், முடிப்பு என்பதுதான் வரிசை. பலர் இரண்டாவதிலேயே கோமாளித்தனத்தைத் தொடங்கிவிடுவதால் திருப்பத்துக்கு எதுவும் மிஞ்சுவதில்லை. ஷாரின் இயந்திரம் மற்றதைவிட மூன்று மடங்கு வேகம் என்பது பிரபலமான வசனம். அதை வைத்தே ஒன்று செய்து பார்ப்போம்.

முதல் கட்டம்: ராடார் வீரர், "சிவப்பு இயந்திரம்! மூன்று மடங்கு வேகத்தில் வருகிறது!" இரண்டு: கப்பல் தலைவர் முகம் வெளிறி, "எல்லோரும் தயாராகுங்கள்." மூன்று: வசனமே இல்லை, சிவப்பு இயந்திரம் கப்பலைத் தாண்டி நேரே போய்க்கொண்டே இருக்கிறது. நான்கு: "ஏன் நிற்கவில்லை?" "நிற்க ஒன்பது மடங்கு தூரம் வேண்டும், ஐயா."

கணக்கு சரிதான். எதிர்விசை மாறாமல் வேகம் மூன்று மடங்கானால், நிற்கும் தூரம் 3×3, அதாவது ஒன்பது மடங்கு. வாசகருக்கு அந்தக் கணக்கு தெரிய வேண்டியதில்லை. தெரிந்தவர் கூடுதலாக ஒருமுறை சிரிப்பார். ஆனால் ராடார் வீரரைச் சிரித்த முகமாக வரைந்தீர்களோ, போச்சு. கடைசிவரை அவர் போர்க்கள முகத்தோடுதான் இருக்க வேண்டும். "ஒன்பது" என்ற எண் முதல் மூன்று கட்டங்களில் தலைகாட்டவே கூடாது.

ரோபோவைக் குட்டையாக்கலாம், அடையாளத்தை அழிக்கக் கூடாது. அமூரோ ஓட்டும் கண்டம் ரோபோவுக்கு நெற்றியில் 'வி' வடிவக் கொம்பும் இரண்டு கண்களும். ஷாரின் ரோபோவான ஸாகுவுக்கு ஒற்றைக் கொம்பும் ஒற்றைக் கண்ணும். இவை இருந்தால் மூன்று தலை உயரத்துக்குச் சுருக்கினாலும் யார் என்று தெரியும். கோடுகளை மட்டும் ஸ்கேல் வைத்து இழுங்கள்; இயந்திரம் விறைப்பாக நிற்க நிற்கத்தான் கேலி ஏறும்.

கேள்வி: 'கண்டம்-சான்' மங்காவுக்கு அனிமே உண்டா?

பதில்: உண்டு. 2014-இல் 13 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் சில நிமிடங்கள்தான்.

கேள்வி: ஜப்பானிய நாலு கட்டத்தைப் பழகுவதற்காகத் தமிழாக்கினேன். இடமிருந்து வலமாகப் படிக்கப் பக்கத்தைக் கண்ணாடிபோலத் திருப்பினால் போதுமா?

பதில்: வேண்டாம். ஸாகுவுக்கு வலது தோளில் கேடயம், இடது தோளில் முட்கள். திருப்பினால் இரண்டும் இடம் மாறும், ரசிகர் முதலில் அதைத்தான் பிடிப்பார். நாலு கட்டத்தில் அதற்குத் தேவையும் இல்லை. கட்டங்கள் மேலிருந்து கீழாகவே ஓடுவதால், பக்கத்தில் உள்ள இரண்டு பத்திகளை அப்படியே இடம் மாற்றி வையுங்கள். ஒரே கட்டத்துக்குள் இருவர் பேசினால் மட்டும் வலப்பக்கக் குமிழிதான் முதல் என்பதைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஜப்பானியக் குமிழிகள் செங்குத்து எழுத்துக்காக ஒடுங்கி நீண்டிருக்கும். "தயாராகுங்கள்" அதற்குள் அடங்காது. சொல்லை உடைக்காமல் குமிழியை அகலமாக்குங்கள், அல்லது "தயார்!" என்று வசனத்தையே வெட்டுங்கள்.