ஆறு ஒன்றுதான், பங்காளிகள் பெருகுகிறார்கள்

கேள்வி: மக்கள்தொகை வளரும் வேகம் குறைந்துவிட்டது என்கிறார்கள். பிறகு ஏன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது?

வேகம் குறைந்தது உண்மை. 1960களில் ஆண்டுக்கு 2 சதவீதத்தைத் தாண்டிய வளர்ச்சி, இப்போது 1 சதவீதத்துக்கும் கீழே. 70ஐ இந்தச் சதவீதத்தால் வகுத்தால் எத்தனை ஆண்டில் இரட்டிப்பாகும் என்பது தோராயமாகத் தெரியும்: 2 சதவீதத்துக்கு 35 ஆண்டு, 1 சதவீதத்துக்கு 70. ஆனால் 1960இல் 300 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2022 நவம்பரில் 800 கோடி ஆகிவிட்டது. முதல் பெரிதானால் சின்ன வட்டியும் பெரிய தொகைதானே. மேலும், ஏற்கெனவே பிறந்துவிட்ட பெண் குழந்தைகள் இனிமேல்தான் தாயாகப் போகிறார்கள். ஆளுக்கு இரண்டே பிள்ளை என்றாலும் சில பத்தாண்டுகளுக்கு ஏற்றம் தொடரும். 2080களின் நடுவில் சுமார் 1,030 கோடியில் உச்சம் தொடும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

கேள்வி: பெய்கிற மழை ஆண்டுதோறும் பெய்துகொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் எப்படித் தீரும்?

தீராது, பங்கு குறையும். ஒரு பகுதியில் மழையாலும் ஆற்றாலும் ஆண்டுதோறும் புதிதாகக் கிடைக்கும் நன்னீரை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே பற்றாக்குறை, 500க்குக் கீழே கடும் பஞ்சம். 2,000 கிடைத்த இடத்தில் மக்கள் ஒன்றரை மடங்கானால் 1,333தான்.

இவ்வளவையும் குடித்தா தீர்க்கிறோம் என்று கேட்கலாம். இல்லை. உலகில் எடுக்கப்படும் நன்னீரில் 70 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசி விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் வேண்டும். கூடும் ஒவ்வொரு வாய்க்கும் இந்தக் கணக்கு உண்டு.

ஆற்றில் போதாதபோது பூமிக்கடியில் கைவைக்கிறோம். ஆபத்து அங்கேதான். கடலோரத்தில் உப்புநீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கு எடை கூடியது. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால், காலப்போக்கில் உப்பு 20 மீட்டர் ஏறும். ஏறிய உப்பு ஒரு நல்ல மழையில் இறங்கிவிடாது. பல ஆண்டுகள் பிடிக்கும்.

கண்டுபிடிக்க வழி எளிது. ஆண்டுதோறும் மழைக்காலம் தொடங்குமுன் அதே மாதத்தில், மோட்டாரை இரவு முழுக்க நிறுத்திவைத்து, காலையில் கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். மழை வழக்கம்போலப் பெய்தும் மட்டம் இறங்கிக்கொண்டே போனால், ஊறுவதைவிட இறைப்பது அதிகம். மழைநீரைக் கிணற்றுக்குத் திருப்புவோர் முதல் மழையை வெளியே விட்டுவிட வேண்டும். மணலும் ஜல்லியும் நிரப்பிய வடிகட்டியை மழைக்காலத்துக்கு முன்பே கழுவ வேண்டும். பெரும்பாலும் இந்த ஏற்பாடு வண்டல் அடைத்துத்தான் வீணாகிறது.

கேள்வி: தண்ணீர் போன்ற வளங்கள் போதாமல் போவதற்குக் குற்றம் எண்ணிக்கையிலா, நுகர்விலா?

இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்கிக் கணக்கிட வேண்டும். அதோடு பொருளை உண்டாக்கும் முறையையும். அதிகப் பிள்ளை பெறும் ஏழையை மட்டும் கைகாட்டுவது அநியாயம். பல மடங்கு எரிபொருளும் இறைச்சியும் செலவழிப்பவர் வேறு இடத்தில் இருக்கிறார்.

கேள்வி: கட்டாயப்படுத்தாமல் பிறப்பு விகிதம் குறையுமா?

குறையும். 1970களின் தொடக்கத்தில் பங்களாதேஷில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் பிள்ளைகள். இன்று இரண்டை ஒட்டியே. பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று கருத்தடைச் சாதனங்களைக் கொடுத்தார்கள். பெண்கள் பள்ளிக்குப் போனார்கள், பிறந்த குழந்தைகள் பிழைத்தன.