மணி ஐயருக்குக் கிடைத்த டாக்டர் பட்டம்: கேள்வி பதில்

கேள்வி: அரசியல்வாதியாக இருந்து நீதிபதியாகி, கௌரவ டாக்டர் பட்டமும் பெற்ற தமிழர் யாராவது உண்டா, ஐயா?

பதில்: ஒருவரைச் சொல்கிறேன். சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். அந்தக் காலத்துச் சென்னைக்கு அவர் மணி ஐயர். மதுரையில் வக்கீல் தொழில், பிறகு சென்னை சட்டசபை உறுப்பினர், 1885இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரசில் பிரதிநிதி. 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதி. மூன்று முறை தற்காலிகத் தலைமை நீதிபதி. 1907இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் எல்.எல்.டி. என்ற சட்ட டாக்டர் பட்டத்தைக் கௌரவமாக வழங்கியது.

கேள்வி: காங்கிரஸ்காரரை வெள்ளைக்காரன் எப்படி நீதிபதி ஆக்கினான்?

பதில்: அன்றைய காங்கிரஸ் மனுக் கொடுக்கும் காங்கிரஸ், மறியல் எல்லாம் பின்னால் வந்தவை. தலைவராக இருந்த பத்ருதீன் தயாப்ஜியும் சங்கரன் நாயரும்கூட நீதிபதிகள் ஆனார்கள்.

கேள்வி: பல்கலைக்கழகத்துக்கும் அவருக்கும் என்ன தொடர்பு? சும்மா தூக்கிக் கொடுத்ததா?

பதில்: 1904இல் அங்கே துணைவேந்தராக இருந்த முதல் இந்தியர் அவர். வேண்டப்பட்டவர் என்று முணுமுணுக்கலாம். தகுதியில்லாதவர் என்று சொல்ல முடியாது.

கேள்வி: பட்டங்களைத் துறந்தவர் என்கிறார்களே, டாக்டர் பட்டத்தையுமா?

பதில்: இல்லை. எனக்குப் பிடித்த கதையே இதுதான். 1917 ஜூனில், இந்தியாவுக்குச் சுயாட்சி கேட்டு ஹோம் ரூல் லீக் நடத்திய அன்னி பெசன்ட்டைக் காவலில் வைத்தார்கள். அந்த லீகின் கௌரவத் தலைவரான மணி ஐயர், எழுபத்து நான்கு வயதில், அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். எங்களுக்குக் கல்வியை மறுக்கிறார்கள், தங்களுக்கு மட்டும் கொழுத்த சம்பளம் வைத்துக்கொள்கிறார்கள் என்று போட்டு உடைத்தார். ஹாட்ச்னர் என்ற அமெரிக்கத் தம்பதி அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கையெழுத்தோடு கே.சி.ஐ.இ. (அதுதான் 'சர்' பட்டம்), எல்.எல்.டி., ஓய்வு பெற்ற நீதிபதி என்றெல்லாம் இருந்தது. எழுதியவன் யாரோ கலகக்காரன் என்று ஒதுக்க முடியாதபடி செய்த ஏற்பாடு!

விஷயம் வெளியானதும் பிரிட்டிஷ் அரசின் இந்தியா மந்திரி மாண்டேகு கடுமையாகக் கண்டித்தார். உடனே 1918இல் 'சர்', 'திவான் பகதூர்' இரண்டையும் மணி ஐயர் தூக்கி எறிந்தார். தாகூர் தன் 'சர்' பட்டத்தைத் துறந்தது அதற்கு அடுத்த ஆண்டு; ஆனால் பாடப்புத்தகத்தில் தாகூர் மட்டும்தான் இருக்கிறார். எல்.எல்.டி. அரசு கொடுத்ததல்ல, பல்கலைக்கழகம் கொடுத்தது. அதனால் சர் போய், 'டாக்டர் சுப்பிரமணிய ஐயர்' நின்றார்.

கேள்வி: இன்றைய சட்டம் இதில் என்ன சொல்கிறது?

பதில்: அரசியலமைப்பின் 18ஆவது பிரிவு, அரசு பட்டங்கள் வழங்கக் கூடாது என்கிறது, ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு.

கேள்வி: சிலை ஏதும் உண்டா?

பதில்: உண்டு. சேப்பாக்கத்தில், பல்கலைக்கழக செனட் ஹவுஸ் வளாகத்தில்.