கால் கட்டைவிரல் ஏன் சாய்கிறது?

கேள்வி: எனக்கு வயது 46. ஆசிரியை என்பதால் நாள் முழுக்க நின்றே வேலை. வலது கால் கட்டைவிரல் பக்கத்து விரல்மேல் சாய்ந்துகொண்டே போகிறது. அதன் அடியில் எலும்பு புடைத்திருக்கிறது. ஷூ போட்டால் வலி உயிர் போகிறது. என் அம்மாவுக்கும் இப்படி இருந்தது. இப்போது 14 வயது மகளின் காலிலும் லேசாகத் தெரிகிறது. எலும்பு வளர்கிறதா? கரைக்க மருந்து உண்டா? மகளுக்காவது தடுக்க முடியுமா?

பதில்: புதிதாக எந்த எலும்பும் வளரவில்லை. அதனால் கரைப்பதற்கும் ஒன்றுமில்லை. களிம்பு, எண்ணெய், மாத்திரை என்று யார் எதைச் சொன்னாலும் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இதன் பெயர் பன்யன். கட்டைவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் ஒரு நீள எலும்பு இருக்கிறது. அது மற்றக் காலின் பக்கமாக விலக, கட்டைவிரல் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இரண்டும் சேரும் மூட்டு வெளியே துருத்துகிறது. நீங்கள் தொட்டுப் பார்ப்பது அந்த எலும்பின் தலையைத்தான். ஷூ அதன்மேல் உரசும்போது, தோலுக்கு அடியில் இருக்கும் சிறு நீர்ப்பை வீங்கிச் சிவந்து வலிக்கிறது. எக்ஸ்ரேயில் விரலின் சாய்வு 15 டிகிரியைத் தாண்டினால் பன்யன் என்போம். 40 டிகிரிக்கு மேல் போனால் கடுமையானது.

விரல் கொஞ்சம் சாய்ந்த பிறகு, அதை நேராகப் பிடித்திருந்த தசைநாண்களே வில்லின் நாண் போல ஒரு பக்கமாக இழுக்கத் தொடங்கிவிடும். தானாக நிமிராமல் கூடிக்கொண்டே போவது இதனால்தான்.

காரணத்துக்கு வருவோம். பாதத்தின் அமைப்பு குடும்பவழியில் வருகிறது. தளர்ந்த மூட்டு, தட்டைப் பாதம், முடக்குவாதம் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம். அதோடு குறுகிய முனையுள்ள காலணியும் சேர்ந்தால் வேகம் கூடும். 1958-இல் ஹாங்காங்கில் வந்த ஒரு ஆய்வில், ஷூ அணிபவர்களில் 33 சதவீதம் பேருக்கு இந்தச் சாய்வு இருந்தது. ஷூ அணியாதவர்களில் சுமார் 2 சதவீதம்தான். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தோண்டி எடுத்த பழைய எலும்புக்கூடுகளைப் பார்த்து 2021-இல் இன்னொரு ஆய்வு வந்தது. 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், கூர்முனைக் காலணி நாகரிகமான பிறகு, 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் 27 சதவீதம் பேருக்கும் பன்யன் இருந்திருக்கிறது. அதற்காக எல்லாப் பழியையும் ஷூமேல் போட்டுவிட முடியாது. ஷூவே போடாத அந்த 2 சதவீதம் பேருக்கும் வந்திருக்கிறதே! உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகத் தொடர்கிறது என்றால் பாதத்தின் அமைப்புக்கும் பங்கு இருக்கும். அதை மாற்ற முடியாது, ஷூவை மாற்றலாம்.

என்னிடம் வருகிறவர்களை ஒரு காகிதத்தின்மேல் வெறுங்காலோடு நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிக் கோடு போடுவேன். அப்புறம் அவர்கள் போட்டு வந்த ஷூவை அந்தப் படத்தின்மேல் வைப்பேன். முன்பக்கம் இரண்டு ஓரமும் கோடு வெளியே தெரியும். பலர் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கே உங்கள் மகளை வைத்து இதைச் செய்து பாருங்கள்.

காலணியை மாலையில் வாங்குங்கள். அப்போதுதான் பாதம் நன்றாக விரிந்திருக்கும். இரண்டு காலையும் அளந்து, பெரியதற்குப் பொருந்துவதை எடுங்கள். நின்று பார்க்கும்போது, மிக நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டராவது இடம் வேண்டும். விரல்களை உள்ளே அசைக்கவும் முடிய வேண்டும். "போடப் போட இளகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னால் அந்த ஜோடி வேண்டாம். ஹீல்ஸ் உயர உயர உடல் எடை முன்பாதத்தில் இறங்கி விரல்களை நெருக்கும். தினசரி அணிய அது சரிப்படாது. நாள் முழுக்க நிற்கிற உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். வளரும் பிள்ளைக்குப் போன வருட ஷூவும் இறுக்கமான சாக்ஸும்கூட ஆகாது.

இரவில் கட்டும் பட்டை பெரியவர்களின் எலும்பை நிமிர்த்தாது, வலியைக் கொஞ்சம் குறைக்கலாம். விரலிடுக்கில் வைக்கும் சிலிக்கான் துண்டும் அப்படித்தான். ஷூவில் இடமில்லாமல் அதை வைத்தால் நெருக்கடிதான் கூடும். விரல்களை அகல விரிப்பது, விரல் மடங்காமல் உள்ளங்கால் வளைவைத் தூக்கிப் பிடிப்பது போன்ற பயிற்சிகள் பாதத் தசைக்கு நல்லவை. அவற்றால் விரல் நேராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நல்ல ஷூ போட்டும் அன்றாட நடை வலித்தால் மட்டும் அறுவை சிகிச்சையை யோசியுங்கள். அழகுக்காகச் செய்துகொள்ள நான் யாரையும் விட மாட்டேன். எலும்பை வெட்டி நேராக்கிப் பொருத்துவார்கள். சுமார் ஆறு வாரம் தனிக் காலணி போட வேண்டும், வீக்கம் வடியப் பல மாதம் ஆகும், சிலருக்குச் சாய்வு திரும்பவும் வரும். மகளுக்கு அந்தப் பேச்சே இப்போது வேண்டாம். வளர்ச்சி முடியும் முன் செய்தால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிப் பாதத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள், பின்னால் ஒப்பிட உதவும்.

கேள்வி: வயது 52. நேற்றிரவு திடீரென்று கால் கட்டைவிரல் மூட்டு சிவந்து வீங்கிவிட்டது. போர்வை பட்டாலே வலிக்கிறது. எனக்கும் பன்யனா?

பதில்: பன்யன் ஒரே இரவில் வராது. நீங்கள் சொல்வது யூரிக் அமிலப் படிகங்களால் வரும் கவுட் போல இருக்கிறது. வலியின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தாலும் கவுட் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. மருத்துவர் மூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல் இருந்தாலோ, உங்களுக்குச் சர்க்கரை நோய் இருந்து அந்த இடத்தில் புண்ணும் இருந்தாலோ, நாளை வரை காத்திருக்காமல் இன்றே போங்கள்.