மறுபடியும் படிக்கிறோம், கம்ப்யூட்டர்தான் படுத்துகிறது: வாசகர் கேள்வி - பதில்

வயது 42. நின்றுபோன பி.ஏ.வைத் தொலைநிலைக் கல்வியில் தொடர்கிறேன். டி.டி.பி. சென்டரில் அசைன்மென்ட் அடித்து வாங்கினேன். வீட்டு லேப்டாப்பில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை! நானே தமிழில் டைப் செய்ய முடியுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

தாராளமாக முடியும். முதலில் அந்தக் குப்பையைப் பார்ப்போம். பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டுகளில் ஃபைலுக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. ஃபான்ட்தான் தமிழ் வேஷம் கட்டுகிறது. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் வேஷம் கலைந்துவிடும். 'யூனிகோடில் கொடுங்கள்' என்று சென்டரில் கேளுங்கள். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீட்டு முறை. கையில் இருக்கும் ஃபைலை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கன்வர்ட்டரில் போட்டு மாற்றலாம். மாற்றியபின் முழுதும் படித்துப் பாருங்கள். நடுவில் ஆங்கில வார்த்தை இருந்தால் அதையும் தமிழாக நினைத்துச் சிதைத்திருக்கும்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்வேஜ், லாங்வேஜ் அண்ட் ரீஜன் போய்த் தமிழைச் சேருங்கள். பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியில் லாங்வேஜ் ஆப்ஷன்ஸ், ஆட் எ கீபோர்டு, அதில் 'தமிழ் 99' என்ற கீபோர்டு அமைப்பு. விண்டோஸ் பட்டனுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும்.

ஆங்கிலத்தில் 'அம்மா' என்று அடித்துத் தமிழாக்கும் முறை வாட்ஸ்அப்புக்குப் போதும். பத்துப் பக்கக் கட்டுரையில் ல, ள, ழ வரும் இடமெல்லாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தமிழ் 99-இல் உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம். மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைப் பக்கம். 'கடலூர்' அடிக்க ஆங்கிலப் பட்டன்களில் எச் (க), ஓ (ட), என் (ல), இ (ஊ), எம் (ர), எஃப் (புள்ளி): ஆறே தட்டு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குத் தானாகப் புள்ளி விழும்: எச், எச் அடித்தால் 'க்க'. ந-வை அடுத்துத் த, ம-வை அடுத்துப் ப அடித்தாலும் அப்படியே. 'கக' என்று புள்ளியில்லாமல் வேண்டுமானால் நடுவில் ஏ (அ) தட்டுங்கள். புதிதாக அடிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

தினம் இருபது நிமிஷம், கீபோர்டைப் பார்க்காமல். பயிற்சிப் பாடம் எதற்கு? உங்கள் அசைன்மென்ட்டையே அடியுங்கள். வேர்டு தானாகச் சேமிக்கும் இடைவெளி வழக்கமாகப் பத்து நிமிஷம். கரண்ட் அதற்காகக் காத்திருக்காது. பத்தி முடிந்ததும் கன்ட்ரோல் எஸ்.

கையால் எழுதிய 20 பக்கத்தை செல்போனில் படமெடுத்து பி.டி.எஃப். ஆக்கினேன். 60 எம்.பி. வருகிறது. போர்ட்டலில் 5 எம்.பி.தான் ஏறும்.
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

கேமராவில் எடுத்தால் ஒரு பக்கமே 3 எம்.பி. ஆகிறது. உங்கள் கணக்குப்படி பக்கத்துக்கு 250 கே.பி.தான் இடம். கூகுள் டிரைவ் ஆப்பில் உள்ள ஸ்கேன் வசதியில் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுங்கள். ஏ4 தாளுக்கு 150 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு), அதாவது 1240 x 1754 பிக்சல் இருந்தால் கையெழுத்து நன்றாகப் படிக்க வரும். ஜன்னல் வெளிச்சத்தில், கையின் நிழல் தாளில் விழாமல் எடுங்கள். நிழல் கறுப்புத் திட்டாகி வரிகளை மறைக்கும். பென்சிலில் வரைந்த படம் இந்த முறையில் மங்கிப்போகும், அந்தப் பக்கத்தை மட்டும் கலரில் எடுக்கலாம். ஃபைல் பெயரில் இடைவெளி, அடைப்புக்குறி வேண்டாம், சில போர்ட்டல்கள் ஏற்காது. டைப் செய்ததை பிரின்ட் எடுத்துப் படம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்! வேர்டிலேயே சேவ் ஆஸ், பி.டி.எஃப். இருக்கிறதே.

எக்செலில் பதிவு எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகிறது.
- பி.காம். மாணவி, வில்லியனூர்

எக்செல் அதை எண் என்று எடுத்துக்கொள்கிறது. அடிக்கும் முன்பே அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட்டை 'டெக்ஸ்ட்' ஆக்குங்கள். வங்கிக் கணக்கு எண்ணுக்கு இது கட்டாயம். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சத்தை எக்செல் பூஜ்யமாக்கிவிடும். பிறகு ஃபார்மட்டை மாற்றினாலும் போன இலக்கம் திரும்பாது.

கம்ப்யூட்டர் கோர்ஸில் சேரலாமா?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

தட்டச்சர் போன்ற அரசு வேலை குறி என்றால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் சி.ஓ.ஏ. (கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்) தேர்வுக்குத் தயார் செய்யும் இன்ஸ்டிட்யூட்டாகப் பாருங்கள். கல்லூரிப் பாடத்துக்கு மட்டும் என்றால் அந்தப் பணத்தில் ஒரு கீபோர்டும் மவுஸும் வாங்குங்கள். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ் இலவசம்.